கார்புரேட்டர் சொட்டினால் எங்கே பார்ப்பது?

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு பெட்ரோல் வாசனை பழகிப்போன சங்கதி. காலையில் ஷெட்டைத் திறந்ததும் மூக்கில் ஏறும். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார், நாமும் பானட்டைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவோம். அப்படி விடுகிற விஷயம் இல்லை இது. அந்த வண்டியின் 1489 சி.சி. எஞ்சினில் இன்லெட் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டர் உட்கார்ந்திருப்பது எக்ஸாஸ்டுக்கு மேலே. சொட்டுகிற பெட்ரோல் போய் விழ இதைவிட மோசமான இடம் எஞ்சினில் கிடையாது.

அதற்காகப் பயந்துபோய்ப் புதுக் கார்புரேட்டர் தேடிச் சென்னை ஜி.பி. ரோடு முழுக்க அலையவும் வேண்டாம். சொட்டுகிறது என்று வருகிற கார்புரேட்டரில் பெரும்பாலும் கெட்டிருப்பது ஒரு வாஷர், ஒரு ஊசி, இல்லையென்றால் சுண்டுவிரல் நகம் அளவு ரப்பர். எது என்று பார்க்காமல் ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் பட்டதையெல்லாம் இறுக்குவதால்தான் செலவு கூடுகிறது. எப்போது சொட்டுகிறது, எந்த இடம் முதலில் நனைகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் இங்கே எடுத்துக்கொள்வது எஸ்.யூ. கார்புரேட்டர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்ற ஆங்கிலேயக் காரிலிருந்து வந்தது அம்பாசடர். 2014-இல் உற்பத்தி நிற்பதற்குள் அதற்குப் பல எஞ்சின்கள் மாறிவிட்டன. இசுஸு எஞ்சின் வண்டிகளுக்கு நான் சொல்வது பொருந்தாது. பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் பக்கவாட்டில் படுத்தமாதிரி நிற்கும் எஸ்.யூ.வும் உள்ள வண்டிகளுக்கும், அதே குடும்பத்து மோரிஸ் மைனருக்கும் இது சரியாக வரும். சோலெக்ஸ் கார்புரேட்டர் போட்ட ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகளைப் பற்றிப் பின்னால் நாலு வரி சொல்கிறேன்.

எஸ்.யூ.வின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ஒரு சிறு கிண்ணம் இருக்கும். அதுதான் ஃப்ளோட் சேம்பர். பம்ப் அனுப்பும் பெட்ரோல் முதலில் இங்கேதான் வரும். மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவைப் பந்து மேலே ஏறினதும் குழாய் அடைபடுமே, அதே ஏற்பாடுதான். பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட் ஏறும்; ஃப்ளோட் ஒரு சிறு தகட்டைத் தள்ளும்; தகடு ஒரு ஊசியைத் தள்ளும்; ஊசி தன் சீட்டில் போய் உட்கார்ந்து வரத்தை நிறுத்திவிடும். கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு மெல்லிய நைலான் குழாய் கார்புரேட்டருக்கு அடியில் உள்ள ஜெட்டுக்குப் போகிறது. கிண்ணத்தில் எவ்வளவு உயரமோ ஜெட்டிலும் அவ்வளவே உயரம். அது ஜெட்டின் வாய்க்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். கொஞ்சம் தாண்டினால் பெட்ரோல் தானாகவே தொண்டைக்குள் வழியும். ரொம்பத் தாண்டினால் சேம்பர் மூடியில் உள்ள ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகக் கீழே கொட்டும்.

இந்தக் கார்புரேட்டர் ஒரு செருப்புக்கடைக் குடும்பத்திலிருந்து வந்தது. லண்டனில் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்று பேர்பெற்ற காலணிக் கடை இருந்தது. அந்த ஸ்கின்னர் வீட்டுப் பிள்ளை ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர்தான் இதை வடிவமைத்தார். எஸ்.யூ. என்ற பெயரே 'ஸ்கின்னர் யூனியன்' என்பதன் சுருக்கம். இப்போது டாஷ்பாட்டும் பிஸ்டனும் இருக்கும் இடத்தில் ஆரம்ப காலத்தில் தோல் துருத்தி இருந்தது. தோல் வீட்டுச் சரக்குதானே! 1910-இல் கம்பெனி ஆனது, 1926-இல் வில்லியம் மோரிஸ் கைக்குப் போனது. மோரிஸ் வண்டிகளிலும், அதன் வழி வந்த அம்பாசடரிலும் இது உட்கார்ந்த காரணம் அதுதான்.

முதலில் கண்டுபிடிப்பு

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வண்டி வெட்டவெளியில் நிற்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் இன்ஸ்பெக்‌ஷன் குழி உள்ள ஷெட்டில் இந்த வேலை கூடவே கூடாது. கைக்கு எட்டுகிற தூரத்தில் பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். பல்பு கட்டி இழுத்து வந்து பார்ப்பவர்கள் அதைத் தூர வைத்துவிட்டு ஒரு எல்.இ.டி. டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டர் மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணையும் பிரஷ் வைத்துக் கழுவி, துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை எடுத்து சேம்பர் மூடி, பைப் சேரும் இடம், கிண்ணத்தின் அடி, ஜெட்டின் அடி என்று எல்லா மூட்டுகளிலும் தூவிவிடுங்கள். பெட்ரோல் மெல்லியது, உலோகத்தின் மேல் ஓடிப் பரவி எங்கேயோ ஒரு முனையில் போய்த்தான் சொட்டும். சொட்டு விழும் இடத்தைப் பார்த்து ஜெட் என்று முடிவு கட்டினால், மூடியிலிருந்து வழிந்து வந்ததாக இருக்கும். பவுடர் பொய் சொல்லாது. எந்த இடத்து வெள்ளை முதலில் கறுக்கிறதோ அங்கேதான் கோளாறு.

இப்போது நேரம் பார்க்க வேண்டும். எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டி என்றால் எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். பம்ப் டிக் டிக்கென்று அடிக்கும், கிண்ணம் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஊசி அடைக்கவில்லை. மெக்கானிக்கல் பம்ப் என்றால் அதன் பக்கத்தில் உள்ள கைநெம்பை அடித்துப் பாருங்கள். கிண்ணம் நிரம்பியதும் நெம்பு தளர்ந்துபோய், தள்ளினால் எதிர்ப்பே இல்லாமல் போக வேண்டும்.

வண்டி ஓடும்போது மட்டும் நனைந்தால் ஊசி, ஃப்ளோட், பம்ப் அழுத்தம் இவற்றில் ஒன்று. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஈரம் இருந்தால் கிண்ணத்து மட்டத்துக்குக் கீழே உள்ள மூட்டு ஏதோ ஒன்று கசிகிறது. ஜெட் குழாயும் அதன் ரப்பரும் அங்கேதான் இருக்கின்றன. ஓட்டிவந்து நிறுத்திய பத்து நிமிஷத்தில் வாசனை எழுந்து, பிறகு அடங்கிவிட்டால் அது கசிவே இல்லாமலும் இருக்கலாம். மே மாத வெயிலில் எஞ்சின் சூடு மேலே ஏறி, கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஜெட் வழியாகப் பொங்கிவிடும். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சூட்டைத் தடுக்கும் பேக்கலைட் பிளாக்கும் தகடும் இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ கழற்றியவர் மாட்ட மறந்து, பேக்கிங் பேப்பரோடு விட்டிருப்பார்.

வெளியே ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் கறும்புகை, மைலேஜ் இல்லை, சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்றால் கசிவு உள்ளே நடக்கிறது. ஏர் கிளீனரைக் கழற்றி, டார்ச் அடித்துத் தொண்டைக்குள் பாருங்கள். பம்ப் வேலை செய்யும்போது ஜெட்டின் விளிம்பில் பெட்ரோல் தளதளவென்று நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எந்தக் கசிவாக இருந்தாலும் டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாசனை அடித்தாலோ, மட்டம் ஏறியிருந்தாலோ எஞ்சினை ஓட்ட வேண்டாம். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். தொண்டை வழியாக இறங்கியதாகவும் இருக்கலாம், மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து நேராக கிராங்க் கேஸுக்குள் போனதாகவும் இருக்கலாம். இரண்டையும் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் புது ஆயில்.

ஊசியும் ஃப்ளோட்டும்

ஓவர்ஃப்ளோ என்றால் முதல் சந்தேகம் ஊசி மேல்தான். அதிலும் முதல் சந்தேகம் அழுக்கு. ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் சேம்பர் மூடியில், ஊசி இருக்கும் பக்கம், லேசாக இரண்டு தட்டு தட்டுங்கள். ஒழுகல் நின்றால் துரும்பு ஒன்று ஊசிக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டியிருந்தது என்று தெரிந்துவிடும். பல பேர் அதோடு சந்தோஷப்பட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். துரும்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்காவிட்டால் அடுத்த வாரம் திண்டிவனம் தாண்டி ஏதாவது ஒரு இடத்தில் மறுபடி தட்ட வேண்டியிருக்கும். வருஷக்கணக்கில் நின்ற வண்டியின் டாங்க் உள்ளே துருப்பிடித்திருக்கும். டாங்கைக் கழுவி, பம்ப்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் போட்டால்தான் தொல்லை விடும்.

தட்டியும் நிற்கவில்லையா? பேட்டரியின் எர்த்தைக் கழற்றிவிட்டு மூடியைத் திறங்கள். மூடியைத் திறந்து கவிழ்த்ததும் முதலில் ஃப்ளோட்டின் கீல் கம்பியைப் பாருங்கள். அது இழுத்தால் கையோடு வந்துவிடும். கீழே விழுந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். கம்பியை உருவி, ஊசியை எடுத்து அதன் கூர்ப்பகுதியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கூம்பைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு பள்ளக்கோடு தெரிந்தால் ஊசி தேய்ந்துவிட்டது. நகத்தை அதன் மேல் இழுத்தால் கோட்டில் தட்டும். "கிரைண்டிங் பேஸ்ட் போட்டு உட்கார வெச்சிடலாம்ணே" என்று பட்டறையில் சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். பேஸ்ட் கோட்டை ஆழமாக்கும், அதன் பொடி பித்தளை சீட்டில் பதிந்துகொள்ளும். ஊசியும் சீட்டும் ஜோடியாகத்தான் விற்கிறார்கள், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். முனையில் ரப்பர் வைத்த ஊசி கிடைத்தால் அது நன்றாக அடைக்கும், ஆனால் எத்தனால் தாங்குகிற விட்டான் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள்.

புதுசு போட்டதும் சோதிக்க எளிய வழி உண்டு. மூடியைக் கவிழ்த்துப் பிடித்தால் ஃப்ளோட்டின் எடையிலேயே ஊசி அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் வரும் பைப் முனையில் ஒரு சிறு ரப்பர் குமிழை அமுக்கிப் பிடித்தபடி மாட்டி விடுங்கள். குமிழ் அமுங்கினபடியே நின்றால் ஊசி சரி. உப்பி எழுந்தால் காற்று கசிகிறது. வாயால் ஊதியே பார்ப்பவர்கள் உண்டு. பெட்ரோல் ருசி பழகியவர்கள் அவர்கள்.

மூடி கவிழ்ந்திருக்கும்போதே ஃப்ளோட்டின் மட்டத்தையும் பார்த்துவிடலாம். நைலான் ஃப்ளோட் உள்ள எச்.எஸ். வகைக்கு மூடியின் விளிம்புக்கும் ஃப்ளோட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி. கையில் இருக்கும் 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டைப் படுக்க வைத்தால் போதும், அதுவே அளவுகோல். இடைவெளி தப்பாக இருந்தால் ஊசியைத் தொடுகிற தகட்டை மட்டும் மூக்கு பிளையரால் கொஞ்சம் வளைக்க வேண்டும். ஃப்ளோட்டையே பிடித்து அமுக்கினால் ஊசி நசுங்கும். இன்னும் பழைய எச் வகையில் கவட்டைத் தகடு இருக்கும், அதற்கு அளவு வேறு. மேனுவலில் உள்ளபடி வையுங்கள்.

ஃப்ளோட்டைக் காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பாருங்கள். களகளவென்றால் உள்ளே பெட்ரோல் புகுந்துவிட்டது. கனத்த ஃப்ளோட் மேலே ஏறாது, ஊசியும் அடைக்காது. சத்தம் இல்லாவிட்டாலும் வெந்நீரில் முக்கிப் பிடியுங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். நைலான் என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு. பித்தளை ஃப்ளோட்டை ஈயம் வைத்து அடைக்கலாம்தான். உள்ளே ஒரு சொட்டு பெட்ரோல் மிச்சம் இருக்கும்போது சூடு காட்டினால் வெடிக்கும், நிறைய ஈயம் வைத்தால் எடை கூடி மட்டம் மாறும். புதுசு கிடைக்கிற வரைக்கும் ஒப்பேற்றலாம், அவ்வளவே.

எல்லாம் புதுசு, ஆனாலும் வழிகிறது என்றால் பம்ப்பைக் கவனியுங்கள். எஸ்.யூ. ஊசி 3 பி.எஸ்.ஐ.க்குள் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்தது. பழைய பம்ப் கெட்டதென்று யாரோ வேறு வண்டியின் எலக்ட்ரிக் பம்ப்பை மாட்டியிருப்பார்கள். அது 5, 6 பி.எஸ்.ஐ. தள்ளினால் எந்த ஊசியும் நிற்காது. பிரஷர் ரெகுலேட்டர் போடலாம், வண்டிக்கு உரிய பம்ப்பையே தேடிப் போடுவது இன்னும் நல்லது.

நின்ற வண்டி நனைந்தால்

கிண்ணத்தின் அடியில் நைலான் குழாய் சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரு பித்தளை நட், உள்ளே சின்ன வாஷர், அதற்குள் ஒரு ரப்பர். அந்த ரப்பர் வயசாகிக் கடினப்பட்டிருக்கும், அல்லது எத்தனாலில் ஊறிப் பொதபொதவென்று இருக்கும். புது ரப்பர் போடும்போது குழாயின் முனை ரப்பரைத் தாண்டி 5 மில்லிமீட்டராவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாமல்தான் புது ரப்பர் போட்டும் ஒழுகுகிறது என்று புலம்புகிறார்கள். குழாய் உள்ளே போதாமல் நின்றால், நட்டை இறுக்க இறுக்க ரப்பர் முனையில் பிதுங்கி வழியை அடைக்கும், இல்லையென்றால் குழாய் நழுவி வெளியே வரும். நட்டைக் கையால் முழுக்க ஏற்றிவிட்டு ஸ்பேனரில் கொஞ்சமே திருப்புங்கள். கிண்ணம் மெல்லிய வார்ப்பு. மரை போய்விட்டால் கிண்ணத்தையே மாற்ற வேண்டும்.

எச் வகையில் நைலான் குழாய் கிடையாது. ஜெட் மேலும் கீழும் நகரும் இடத்தைத் தக்கை வளையங்கள் அடைத்துப் பிடித்திருக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்று தக்கை காய்ந்து சுருங்கினால் ஜெட்டின் அடியில் சொட்டும். புதுத் தக்கையை எண்ணெயில் ஊறவைத்துப் போட வேண்டும். போட்ட பின் ஜெட்டை நடுவாக்குவது பொறுமையான வேலை: பிஸ்டனைத் தூக்கி விட்டால் உள்ளே தடையில்லாமல் விழுந்து 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பிஸ்டனில் உள்ள ஊசி ஜெட்டில் உரசுகிறது. இதில் அனுபவம் இல்லாதவர்கள் எஸ்.யூ. தெரிந்த மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பைப் மூடியில் சேருமிடத்து வாஷர்களைப் பழையதையே திருப்பிப் போடாதீர்கள். ஃபைபர் வாஷர் ஒரு தடவைதான் சரியாக நசுங்கும். டெஃப்லான் டேப்பும் வேண்டாம், அதன் நூல் ஒன்று பிய்ந்து போனாலே ஊசி திறந்துபோய் நிற்கும். டாங்கில் ஊசித்துளைக்கு குளியல் சோப்பைத் தேய்த்து வீடு வந்து சேரும் வித்தை நம் ஊரில் எல்லா டிரைவருக்கும் தெரியும், பெட்ரோலில் சோப்பு கரையாது என்பதால் அது பலிக்கவும் செய்யும். கார்புரேட்டரில் அதைச் செய்தால் சோப்பு உள்ளே போகும், செய்யக் கூடாது.

இப்போது ஏன் இந்தக் கசிவு இவ்வளவு அதிகம் என்று கேட்கிறார்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் சில பம்ப்களில் ஆரம்பித்து 2025-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. இந்தக் கார்புரேட்டர்களின் ரப்பரும் தக்கையும் அதற்காகச் செய்தவை அல்ல. பழைய ரப்பர் ஊதுகிறது. தக்கைக்கு மேல் தடவும் அரக்குப் பூச்சு சாராயச் சத்தில் கரைகிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுப்பதால் நின்ற வண்டியின் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூக்கிறது. அந்தப் பொடியே ஊசியில் மாட்டும் துரும்பாகிறது. ரப்பர் ஹோஸ் மாற்றும்போது மேலே ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதை வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் பம்ப்பை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுப் போங்கள்.

சோலெக்ஸ் வண்டிகளுக்கும் ஊசி, ஃப்ளோட் கதை இதேதான். வித்தியாசம் இரண்டு: ஊசி சீட்டின் அடியில் உள்ள வாஷரின் கனமே ஃப்ளோட் மட்டத்தைத் தீர்மானிக்கிறது, அதனால் கிடைத்த வாஷரைப் போடக் கூடாது. இரண்டாவது, பக்கவாட்டில் உள்ள ஆக்ஸிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம். அது கிழிந்தால் பம்ப் மூடியின் விளிம்பில் ஈரம் தெரியும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு தடுமாற்றமும் வரும்.

எஸ்.யூ.வுக்கு உதிரிபாகங்கள் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் பர்லன் என்ற கம்பெனி இன்னும் செய்கிறது. சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் உள்ளூர்க் கிட் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய கார்புரேட்டரே கிடைக்கும், ஆனால் அதற்குள்ளும் நம் வண்டியில் இருப்பதைப் போலவே தேய்ந்த ஊசிதான் இருக்கும். கிட் வாங்குவதே மேல்.

எல்லாம் மாட்டியபின் பவுடரை மறுபடி தூவி, எஞ்சினை ஓட்டுவதற்கு முன்பே பம்ப்பை மட்டும் ஓடவிட்டு ஐந்து நிமிஷம் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் ஸ்டார்ட் செய்யலாம். எஞ்சின் ஏறுமாறாக ஓடினால் பதறாதீர்கள். மட்டம் ஏறி வழிந்துகொண்டிருந்த காலத்தில் யாரோ ஜெட்டின் அடியில் உள்ள அறுகோண நட்டை மேலே ஏற்றிக் கலவையைக் குறைத்துச் சமாளித்திருப்பார்கள். மட்டம் சரியானதும் அந்தக் குறைப்பு அதிகமாகிவிடுகிறது. எஞ்சினைச் சூடாக்கி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை ஒரு முகம் மேலே. எஞ்சின் திணறி நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு, ஒரு முகம் கீழே. லேசாக ஏறி உடனே பழைய வேகத்துக்கு வந்தால் கை எடுத்துவிடலாம்.